‘எல்லோரும் பாவிகள்’ என்று கிறிஸ்தவம் சொல்வது எந்த அர்த்தத்தில்?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: “நான் திருடியதில்லை, யார் குடியையும் கெடுத்ததில்லை. ஆனாலும் கிறிஸ்தவர்கள் என்னைப் பாவி என்கிறார்கள். நேற்றுப் பிறந்த பச்சைக்குழந்தையும் பாவியாம். ஆதாம் பழம் தின்றதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அப்புறம், மன்னிப்புக் கேட்டால் எல்லாம் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். இது என்ன கணக்கு?”

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிக்கல் அந்தக் கடைசிச் சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது: கணக்கு.

நமக்குப் பாவம் என்றாலே பக்கத்தில் புண்ணியம் வந்து நின்றுவிடும். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. ஒன்று கூடினால் மற்றதை வைத்து ஈடுகட்டலாம். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் ‘பாவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது இந்தப் பேரேடும் கூடவே வந்துவிட்டது. ஆனால் விவிலியம் பேசும் பாவத்துக்கு அப்படி ஒரு வரவுப் பக்கம் கிடையாது. ‘விசுவாசத்தினால் வராத எதுவும் பாவம்’ என்று உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் திருத்தூதர் பவுல் ஒரே போடாகப் போடுகிறார். 1849-இல் டேனிஷ் சிந்தனையாளர் கீர்க்ககோர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, பாவத்துக்கு எதிர்ச்சொல் நற்குணமே இல்லை, விசுவாசம்தான் என்று எழுதினார். விசுவாசம் என்றால் ஒரு கருத்தைச் சரி என்று ஒப்புக்கொள்வது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் மேல் முழு பாரத்தையும் சாய்த்து நிற்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வு விலகிப்போன நிலைக்குத்தான் கிறிஸ்தவத்தில் பாவம் என்று பெயர். பட்டியல் போடக்கூடிய செயல்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை.

ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் அண்ணன் தம்பியை நினைத்துப் பாருங்கள். அடிதடி இல்லை, திருட்டு இல்லை. வீட்டுச் செலவில் பாதி பாதி ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் கூடத்துக்கு வந்தால் இன்னொருவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்து போகிறார். நான்கு வருடமாக இப்படி. ‘நீ என்ன தப்புச் செய்தாய்?’ என்று தனித்தனியாகக் கேட்டால் இருவருமே ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒன்றுமே கெட்டுப்போகவில்லை என்று யாராவது சொல்வோமா? ‘நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, நான் எப்படிப் பாவி?’ என்ற கேள்வியும், கிறிஸ்தவம் சொல்ல வரும் விஷயமும் ஒன்றையொன்று தொடாமல் போவது இந்த இடத்தில்தான். கேட்பவர் நடத்தையைப் பற்றிக் கேட்கிறார். சொல்பவர் உறவைப் பற்றிச் சொல்கிறார்.

எபிரேய வேதத்தில் பாவத்துக்குப் பல சொற்கள் உண்டு. அதிகம் வருபவை ‘ஹாட்டா’ என்ற வேரில் பிறந்தவை. குறி தவறுவது அந்த வேரின் பொருள்களில் ஒன்று. நியாயாதிபதிகள் புத்தகத்தின் 20-ஆம் அதிகாரத்தில் இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண்வீரர்கள் வருகிறார்கள். ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் கல்லெறியக்கூடியவர்கள். அந்தத் ‘தப்பாமல்’ என்ற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது இதே வேர்தான். பிரசங்கங்களில் இதை ஏதோ மூலமொழி ரகசியம் மாதிரிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழருக்கு இதில் ரகசியமே இல்லை. குறி தப்பியது என்கிறோம், தப்புச் செய்தான் என்கிறோம். கால் தவறியது என்கிறோம், தவறு செய்தான் என்கிறோம். இரண்டாவது சொல் ‘ஆவோன்’. வளைவது, கோணுவது என்ற பொருளோடு ஒட்டியது. பழைய மொழிபெயர்ப்பில் ‘அக்கிரமம்’ என்று இருக்கும். நம்மிடமும் கோணல் புத்தி உண்டு. கொடுங்கோல் என்றாலே வளைந்த கோல்தான். மூன்றாவது ‘பெஷா’, அதாவது மீறுதல். இது தெரியாமல் நடக்கும் சறுக்கல் இல்லை, தெரிந்தே எதிர்த்து எழுவது. மோவாப் தேசம் இஸ்ரவேலின் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பியதைச் சொல்லவும் இதே வேரின் வினைச்சொல்தான் வருகிறது. 51-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் இந்த மூன்று சொற்களும் வரிசையாக நிற்கின்றன. பாடுகிறவருக்கு ஒன்று போதவில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பெரும்பாலும் ‘ஹமார்த்தியா’. துன்பியல் நாடகத்தில் நாயகனை வீழ்த்தும் பிழையைச் சொல்ல அரிஸ்டாட்டில் கையாண்ட அதே சொல். முழுக் கெட்டவனும் அல்லாத, முழு உத்தமனும் அல்லாத ஒருவன் எங்கோ பிசகி வீழ்வது என்ற நிழல் அதில் உண்டு.

சரி, குறி தவறியது என்றால் குறி எது? உரோமையர் 3-ஆம் அதிகாரம், ‘எல்லாரும் பாவம் செய்து தேவமகிமை அற்றவர்களானார்கள்’ என்கிறது. பலரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது பாதியில்தான் குறி இருக்கிறது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பது ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். அந்த உயரத்தை வைத்து அளந்தால் எல்லோருமே எட்டாமல் நிற்கிறோம் என்பதுதான் ‘எல்லோரும் பாவிகள்’. எல்லோரும் அயோக்கியர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. எல்லோரும் ஒரே அளவு கெட்டவர்கள் என்றும் இல்லை. மனிதன் முழுக்கக் கெட்டவன் என்று போதித்ததாகச் சொல்லப்படும் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின்கூட, மனிதரில் நல்லது எதுவுமே மிச்சமில்லை என்று சொன்னவரல்ல. கெடுதல் தொடாத மூலை எதுவும் மனிதரிடம் இல்லை என்றுதான் சொன்னார். புத்தியையும் விருப்பத்தையும், ஏன், பக்தியையும்கூட அது தொட்டிருக்கிறது.

ஏதேன் தோட்டக் கதையைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் ‘பாவம்’ என்ற சொல்லே இல்லை. அது முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில், ஆதாமின் மகன் காயீனிடம் கடவுள் பேசும்போது. தம்பி ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டது, இவனுடையது ஏற்கப்படவில்லை. இவன் முகம் விழுந்துவிட்டது. அப்போது, ‘பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்’ என்கிறார் கடவுள். படுத்திருப்பதைச் சொல்லும் அந்த எபிரேய வினை, விலங்குகள் கிடப்பதற்குச் சொல்லப்படுவது. இன்னும் கொலை நடக்கவில்லை. கல்லெடுக்கவில்லை, கையோங்கவில்லை. ஆனால் பாவம் ஏற்கெனவே வந்து வாசலில் கிடக்கிறது. அவன் மேல் அதற்கு ஆசை. அவன் அதை ஆள வேண்டும். அழுக்காறு என்பதை ‘ஒரு பாவி’ என்று ஆளாகவே நிறுத்திக்காட்டிய குறள் மரபில் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

காயீன் பழங்கதை என்று தோன்றினால் இதைப் பாருங்கள். உடன் வேலை செய்பவருக்குப் பதவி உயர்வு. குழுவில் செய்தி வருகிறது. நீங்கள் கைப்பேசியை எடுத்து ‘மனமார்ந்த வாழ்த்துகள்’ என்று அடிக்கிறீர்கள், ஒரு பூங்கொத்துப் படமும் சேர்க்கிறீர்கள். அனுப்பிய அடுத்த நொடி, அவருடைய பழைய சறுக்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதை யாரிடமாவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. சொல்லவில்லை. ஆனால் அந்த நினைவை நாக்கில் இனிப்பு மாதிரி உருட்டிக்கொண்டே வீடுவரை போகிறீர்கள். எந்தச் சட்டப்புத்தகத்திலும் இது குற்றமில்லை. இயேசுவின் மலைப்பிரசங்கம் கை வைப்பது இங்கேதான். கொலைக்குப் பின்னால் இருக்கும் கோபத்தையும், விபசாரத்துக்குப் பின்னால் இருக்கும் பார்வையையும் அவர் விசாரணைக்கு எடுக்கிறார். மாற்கு 7-இல், வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வெளியே வருவதுதான் தீட்டுப்படுத்தும் என்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மனதில் ஒரு எண்ணம் எட்டிப்பார்த்ததே பாவம் என்று நினைத்துக்கொண்டு தூக்கம் கெட்டு அலைபவர்களை எனக்குத் தெரியும். சோதனை வேறு, பாவம் வேறு. இயேசுவே எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவமில்லாதவர் என்று எபிரேயர் நிருபம் சொல்கிறது. யாக்கோபு தன் நிருபத்தில் இதைக் கர்ப்பத்தின் மொழியில் சொல்வார்: இச்சை கர்ப்பம் தரித்துப் பாவத்தைப் பெறுகிறது, பாவம் முதிர்ந்து மரணத்தைப் பெறுகிறது. எண்ணம் கதவைத் தட்டுவது நம் கையில் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

பவுலிடம் இன்னொரு விசேஷம் உண்டு. உரோமையர் நிருபத்தில் அவர் பாவத்தைப் பெரும்பாலும் ஒருமையிலேயே சொல்கிறார். ஓர் எஜமான் மாதிரி. அது ஆளுகை செய்கிறது, அடிமையாக்குகிறது, சம்பளம் கொடுக்கிறது. ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்ற வாக்கியத்தில் ‘சம்பளம்’ என்று வரும் கிரேக்கச் சொல், படைவீரர்களுக்குக் கொடுக்கும் கூலிக்கு வழங்கியது. கோபக்காரக் கடவுள் வெளியிலிருந்து விதிக்கும் அபராதம் என்றுதான் பலரும் இதைப் படிக்கிறார்கள். பவுல் எழுதியிருப்பதோ, நீ யாரிடம் வேலை பார்த்தாயோ அந்த எஜமான் மாதக் கடைசியில் தரும் கூலி இது என்று. அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் ‘நான் விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன்’ என்ற புலம்பலும் இதே அடிமைத்தனத்தைப் பற்றியதுதான். புகைப்பழக்கத்தை விட முயன்று தோற்றவர்களுக்கு அந்த அதிகாரத்துக்கு விரிவுரையே தேவைப்படாது.

பாவத்தின் உள்பக்கத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த இன்னொருவர் அகுஸ்தீன். கி.பி. 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தேயில் பிறந்தவர், பின்னால் ஹிப்போ நகரத்தின் ஆயர் (பிஷப்), 430-இல் இறந்தார். 400-ஐ ஒட்டி எழுதிய தன் வாழ்க்கை நூலில், 16 வயதில் செய்த ஒரு திருட்டைப் பற்றிப் பல பக்கம் எழுதுகிறார். அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம். நள்ளிரவில் நண்பர்களோடு போய் உலுக்கிக் காய்களை அள்ளிக்கொண்டு வருகிறான். பசியில்லை. அதைவிட நல்ல காய் அவனிடமே ஏராளமாக இருந்தது. கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். ‘ஏன் செய்தேன்?’ என்பதுதான் அந்த மனிதரை நடுவயதிலும் குடைகிறது. காய்க்காக இல்லை என்பது நிச்சயம். செய்யக்கூடாது என்பதாலேயே அது ருசித்தது. தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்றும் சொல்கிறார். கூட்டத்தில் ‘வா, போவோம்’ என்று ஒருவன் சொல்லும்போது வெட்கப்படுவதுதான் வெட்கமாக இருக்கும். பிஞ்சு வயதுத் திருட்டுக்கு இத்தனை பக்கமா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது அந்த நூலின் ஆகச் சிறந்த பகுதி. கொலையை விசாரித்தால் ஏதாவது காரணம் கிடைத்துவிடும். காரணமே இல்லாத திருட்டில்தான் விஷயம் அம்மணமாக நிற்கிறது.

அகுஸ்தீன் வந்து சேர்ந்த முடிவு, தீமைக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது, நன்மையில் ஏற்பட்ட குறைவே அது என்பது. இருட்டை யாரும் தயாரிப்பதில்லை, வெளிச்சம் குறைகிறது. பாவமும் கெட்ட பொருளை விரும்புவது என்பதைவிட, நல்ல பொருளைத் தப்பான வரிசையில் விரும்புவது. பணம் கெட்டதல்ல, உடல் கெட்டதல்ல, பிள்ளைப்பாசம் கெட்டதல்ல. எதை எதற்கு மேலே தூக்கி வைக்கிறோம் என்பதில்தான் கோணுகிறது. 1515–16-இல் உரோமையர் நிருபத்தைப் பாடம் நடத்திய மார்ட்டின் லூத்தர் இதைத் தன்னுள்ளேயே வளைந்துகொண்ட மனிதன் என்று சொன்னார். அப்படி வளைந்தவன் கடவுளைத் தேடும்போதும் தன் லாபத்துக்கே தேடுவான். ‘ஆவோன்’ என்ற பழைய எபிரேயச் சொல்லின் வளைவு இங்கே மறுபடியும் வருவதைக் கவனியுங்கள்.

செய்ததை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். லூக்கா 16-இல் ஒரு பணக்காரன் வருகிறான். தினமும் விருந்து. அவன் வீட்டு வாசலில் லாசர் என்ற ஏழை, உடம்பெல்லாம் புண். நாய்கள் வந்து நக்குகின்றன. அந்தப் பணக்காரன் லாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ கதையில் ஒரு வரிகூட இல்லை. வாசலில் கிடக்க விட்டிருந்தான், அவ்வளவுதான். ஆனால் பாதாளத்தில் கண் திறப்பவன் அவன். மத்தேயு 25-இல் இடது பக்கம் நிறுத்தப்படுபவர்களும் எதையோ செய்ததற்காக நிற்கவில்லை. சோறு கொடுக்காததற்காகவும் போய்ப் பார்க்காததற்காகவும் நிற்கிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் சொல்லும் பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு ‘கடமையில் தவறியதாலும்’ என்று ஒரு சொல் வரும். பலர் வேகமாகத் தாண்டிவிடும் சொல் அது. 1987-இல் போப் இரண்டாம் ஜான் பால் தன் சுற்றுமடல் ஒன்றில் ‘பாவ அமைப்புகள்’ என்று பேசியதும் இந்தத் தடத்தில்தான்: பல பேரின் பாராமுகம் சேர்ந்து கெட்டியாகி, யாரும் தனியாகப் பொறுப்பேற்காத ஓர் ஏற்பாடாகவே ஆகிவிடுகிறது.

இனி அந்தக் குழந்தை. கேள்வியிலேயே கனமான பகுதி இது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிறிஸ்தவர்கள் எல்லோரும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஏதேன் கதையைத் தங்கள் வேதமாகக் கொண்ட யூதர்கள், ஆதாமின் குற்றம் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது என்ற போதனையை அதிலிருந்து எடுக்கவில்லை. ‘குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை’ என்று எசேக்கியேல் 18 தெளிவாகவே சொல்கிறது. கிறிஸ்தவத்தில் இதற்குக் கூர்மையான வடிவம் கொடுத்தவர் அகுஸ்தீன்தான். எதிரில் நின்றவர் பிரித்தானியாவிலிருந்து வந்த துறவி பெலாஜியுஸ். மனிதன் மனது வைத்தால் பாவமில்லாமல் வாழ முடியும், ஆதாம் நமக்குக் காட்டியது ஒரு கெட்ட முன்மாதிரி மட்டுமே என்பது பெலாஜியுஸ் பக்கத்து வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்படியானால் தோற்றவனுக்குச் சொல்ல ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அந்தப் போதனையைத் தள்ளினார்கள்.

இதில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலும் உண்டு. உரோமையர் 5:12-இல், மரணம் எல்லோருக்கும் வந்தது என்பதை அடுத்து ஒரு சிறு கிரேக்கத் தொடர் வருகிறது. அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன் அதை ‘அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்’ என்று படிக்கும்படி வைத்திருந்தது. ஆதாமுக்குள்ளேயே நாமும் இருந்தோம், நாமும் செய்தோம் என்ற பொருள். கிரேக்கம் அவருக்கு அவ்வளவு கைவராத மொழி. இன்று பெரும்பாலான அறிஞர்கள் அந்த இடத்தை ‘எல்லோரும் பாவம் செய்ததால்’ என்றே படிக்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமத்திலும் ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்றுதான் இருக்கிறது. இந்த ஒரு தொடரில்தான் முழுப் போதனையும் தொங்குகிறது என்று சொன்னால் அது மிகை. ஆனால் கிரேக்கத்திலேயே படித்த கிழக்குத் திருச்சபைகள் வேறு பாதையில் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் போதனையில் குழந்தை ஆதாமின் குற்றத்தோடு பிறப்பதில்லை. ஆதாமின் விளைவோடு பிறக்கிறது: சாவுக்கு உட்பட்டு, நோய்ப்பட்ட உலகத்தில், தப்பு நடக்க வசதியான சூழலில். நமக்கு இதைச் சொல்ல அருமையான வழி இருக்கிறது. கெட்டதைச் சொல்லவும் ‘பாவம்’, இரங்கிச் சொல்லவும் ‘ஐயோ பாவம்’. ‘குழந்தை ஒரு பாவி’ என்பதைவிட ‘பாவம், குழந்தை’ என்பது ஆர்த்தடாக்ஸ் போதனைக்கு நெருக்கம். அவர்கள் பாவத்தை நோய் என்றும் திருச்சபையை மருத்துவமனை என்றும் பேசுவதில் இந்த இரக்கம் இருக்கிறது. ‘பிணியாளிகளுக்குத்தான் வைத்தியன் தேவை’ என்று இயேசுவே சொன்னாரே.

கத்தோலிக்கத் திருச்சபை ‘ஜென்மப் பாவம்’ என்ற சொல்லை விடவில்லை. ஆனால் 1992-இல் வெளியான அதன் மறைக்கல்வி நூல், அதைப் பாவம் என்று அழைப்பதே ஒப்புமை கருதித்தான் என்கிறது: செய்த பாவம் இல்லை, வந்து சேர்ந்த நிலை. கடனில் மூழ்கிய வீட்டில் பிறக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். அது பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் அந்த வீட்டின் சோற்றைத்தான் சாப்பிட்டு வளரும். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளைப் பற்றி அகுஸ்தீன் சொன்னது கடுமை. அதே 1992 நூல் அவர்களைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. புராட்டஸ்டன்ட் பக்கம் லூத்தரன்கள் 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில், பிறவியிலேயே இருக்கும் இந்தக் கோணலை மெய்யான பாவம் என்றே சொன்னார்கள். 1546-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தங்கும் ஆசைச்சாய்வு பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுப்பது, ஆனால் அதுவே பாவமில்லை என்றது. பாப்டிஸ்டு மரபிலும் பல சுவிசேஷ சபைகளிலும் நல்லது கெட்டது புரியும் வயது வரும்வரை குழந்தை கணக்குக்கு உட்படாது என்பார்கள்.

ஜென்மப் பாவம் என்றால் உடலுறவு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. எந்தப் பெரிய திருச்சபையும் அப்படிப் போதிப்பதில்லை. ‘பலுகிப் பெருகுங்கள்’ என்ற ஆசீர்வாதம் பழம் தின்பதற்கு இரண்டு அதிகாரம் முன்னாலேயே வந்துவிட்டது.

எல்லாப் பாவமும் ஒன்றுதானா? கத்தோலிக்கர்கள் சாவான பாவம், அற்ப பாவம் என்று பிரிப்பார்கள். சாவான பாவமாக இருக்க விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், செய்பவருக்கு அது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், மனமறிந்து சம்மதித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது. மரணத்துக்கு ஏதுவான பாவமும் உண்டு, அல்லாததும் உண்டு என்ற 1 யோவான் 5-தான் இதற்கு அடிப்படை. புராட்டஸ்டன்டுகள் பலர் இந்தப் பிரிவை ஏற்பதில்லை. ஆனால் ‘பொய்யும் கொலையும் ஒன்றுதான்’ என்று மேடையில் சொல்வது அவர்களுடைய நல்ல இறையியலும் அல்ல. இரண்டுமே உறவை முறிப்பவை என்பது உண்மை. இரண்டும் ஒரே ஆழத்துக்கு வெட்டுகின்றன என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

ஏழு தலையான பாவங்கள் என்ற பட்டியல் வேதத்தில் இல்லை. நீதிமொழிகள் 6-இல் கடவுள் வெறுக்கும் ஏழு என்று வருவது வேறு பட்டியல். தலையான பாவங்களின் பட்டியல் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடமிருந்து வந்தது. 399-இல் இறந்த எவாக்ரியுஸ் என்பவர் எட்டு கெட்ட எண்ணங்களை வரிசைப்படுத்தினார். இரண்டு நூற்றாண்டு கழித்து போப் கிரகோரி அதை மாற்றி, அகந்தையை வேராக வைத்து ஏழாக்கினார். எவாக்ரியுஸின் எட்டில் ‘அக்கேதியா’ என்று ஒன்று உண்டு. சோம்பல் என்று மொழிபெயர்த்தால் பாதிகூட வராது. அவர் வருணிப்பதைக் கேளுங்கள்: துறவி அறையில் உட்கார்ந்திருக்கிறார். நடுப்பகல். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு பகல் 50 மணி நேரம் மாதிரி நீள்கிறது. ஜன்னலையே பார்க்கிறார், வெளியே வருகிறார், சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அளக்கிறார், பார்க்க யாராவது வருகிறார்களா என்று இப்படியும் அப்படியும் நோட்டம் விடுகிறார். அப்புறம் இந்த இடமே பிடிக்கவில்லை, இந்த வேலையே பிடிக்கவில்லை, இங்கே யாருக்கும் அன்பே இல்லை என்று எண்ணம் ஓடுகிறது. 1600 வருடத்துக்கு முந்தைய ஆள் கைப்பேசியை மேலே தள்ளித் தள்ளிப் பார்ப்பவரை எப்படி இவ்வளவு துல்லியமாகப் பார்த்தார் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

கஷ்டம் வந்தால் பாவத்தின் தண்டனை என்ற பேச்சுக்குப் பதில் குறுகியது. பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா?’ என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்றும் அவரே சொன்னார். நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பாவக்கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை படிக்கலாம்.

கடைசியாக, மன்னிப்பு மலிவா என்ற கேள்வி. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் மத்தேயு வடிவத்தில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று இருக்கும். லூக்காவில் அதே இடத்தில் ‘பாவங்களை’. இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. நம் ‘கடன்’ கடமையையும் குறிப்பதால் தமிழில் அந்த வரி இன்னும் ஆழமாகவே விழுகிறது. மத்தேயு 18-இல் அவர் சொல்லும் கதையில் ஒரு வேலைக்காரன் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து 6,000 தினாரியம், ஒரு தினாரியம் ஒரு நாள் கூலி. பெருக்கிப் பாருங்கள்: ஆறு கோடி நாள் கூலி, ஒரு நாளும் ஓய்வில்லாமல் உழைத்தாலும் 1,64,000 வருடத்துக்கு மேல். கேட்பவர்கள் சிரித்திருக்க வேண்டும். ‘பொறுத்துக்கொள்ளும், எல்லாம் தந்துவிடுகிறேன்’ என்று அவன் கெஞ்சுவது அதைவிடச் சிரிப்பு. ராஜா மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார். அவன் வெளியே வந்ததும், தனக்கு 100 தினாரியம் தர வேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். மன்னிப்பு மலிவு என்று நினைப்பவன் எப்படி இருப்பான் என்பதற்கு இதைவிடச் சித்திரம் வேண்டாம். ‘கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா?’ என்ற கேள்வியைப் பவுலே எழுப்பி, கூடவே கூடாது என்று உரோமையர் 6-ஐத் தொடங்குகிறார்.

கிறிஸ்தவர்கள் வாரந்தோறும் சொல்லும் விசுவாச அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் அறிக்கையிலும் சரி, நிசேயா அறிக்கையிலும் சரி, பாவம் என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் மன்னிப்போடு ஒட்டிக்கொண்டு. ‘நான் பாவத்தை நம்புகிறேன்’ என்று எந்தச் சபையும் எழுந்து நின்று சொல்வதில்லை. பாவத்தைப் பற்றி மட்டும் தனியாக மணிக்கணக்கில் பேசும் பிரசங்கம் எனக்கு ஏன் அரைகுறையாகப் படுகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

மன்னிப்புக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று பார்க்க லூக்கா 19 போதும். சகேயு வரி வசூலிப்பவர்களின் தலைவன், பணக்காரன், குள்ளன். கூட்டத்தில் தெரியவில்லை என்று அத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு நின்று மேலே பார்த்து, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். சுற்றி நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்: பாவியின் வீட்டுக்கா? சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். தானாக ஒப்புக்கொள்பவன் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் போதும் என்பது எண்ணாகமத்துச் சட்டம். எவ்வளவு பிடுங்கினாய் என்று இயேசு அவனிடம் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. கணக்கை எடுத்து வெளியே வைத்தது சகேயுதான்.